நேருக்கு நேர் இரண்டு கதவு

எந்த வீட்டுக்குள் நுழைவதானாலும் முனியராஜ் முதலில் செருப்பைக் கழற்றுவார். பிறகு வலது உள்ளங்கையை வாசல் சுவரில் ஒரு நொடி பதித்து எடுப்பார். அதற்கப்புறம்தான் கால் உள்ளே போகும். கோயம்புத்தூரில் அவருக்கு வீடு காட்டிய தரகர் சுகிர்தா முதல் இரண்டு வீடுகளில் இதைக் கவனித்துவிட்டு, மூன்றாவது வீட்டு வாசலில் தானும் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாருக்கு பக்தி ஜாஸ்திங்களா?"

"பக்தி இல்லம்மா. கரண்டு."

சுகிர்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முனியராஜின் மகள் பிரீத்திகாதான் விளக்கினாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் அப்பா போர்மேன். அங்கே ஒவ்வொரு மருந்து ரூம் வாசலிலும் ஒரு செப்புத் தகடு இருக்கும். உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப் போவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இருபத்தேழு வருசமாகத் தொட்ட கை. கோவில் வாசலிலும் தொடும், பேங்க் மேனேஜர் அறை வாசலிலும் தொடும்.

"எங்க வீட்டுல அந்த எடத்துல மட்டும் சுண்ணாம்பு நிக்கவே நிக்காது" என்றாள் பிரீத்திகா.

சுகிர்தா சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அடுத்த அரை மணி நேரத்தில் வடிந்துவிட்டது. வீடு வெளிச்சமாக இருந்தது, தண்ணீர் வசதி இருந்தது, கல்லூரிக்கு ஒரே பஸ். முனியராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அடுக்களையில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னொரு கதவு எங்கன இருக்கு?"

"எந்தக் கதவுங்க?"

"பின்கதவு."

"பிளாட்டுக்கு ஒரு கதவுதானுங்க சார் வரும்."

"அப்ப இது வேண்டாம்மா."

முதல் மூன்று வீடும் இப்படிப் போயிற்று. அடுத்த ஞாயிறு வந்தபோது இன்னும் நான்கு வீடுகள். ஏழிலும் ஒற்றைக் கதவுதான், அதுவும் உள்பக்கமாகத் திறக்கிற கதவு. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, பால்கனிக்கும் கம்பி. ஏழாவது வீட்டில் சுகிர்தா, "திருடன் வரமாட்டானுங்க, அவ்வளவு பத்திரம்" என்று கம்பியைத் தட்டிக் காட்டினார். முனியராஜ் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வர முடியாத இடத்திலிருந்து வெளியே போகவும் முடியாது என்பதை இந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பட்டாசு ஆலையில் ரூம் என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு ரூமுக்கு நாலு ஆள், அதற்குமேல் ஒருவர்கூடக் கூடாது. நேருக்கு நேராக இரண்டு கதவு. இரண்டும் வெளிப்பக்கமாகத் திறக்கும், தள்ளினால் போதும். ஏதாவது ஆகிவிட்டால் மனிதனுக்கு யோசிக்க நேரம் இருக்காது. நெருப்பு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் கால் தானாக ஓடவேண்டும். காலை ஏழு மணிக்கு, ஆட்களை உள்ளே விடுவதற்கு முன்னால், போர்மேன் ஒவ்வொரு ரூமையும் சுற்றி வந்து இரண்டு கதவையும் தள்ளிப் பார்ப்பார். முனியராஜின் ஆயுள் இப்படிக் கதவைத் தள்ளித் தள்ளியே பாதி கழிந்திருந்தது. தைரியசாலி என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். கார்த்திகைக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தினால்கூடக் கையை நீட்டிப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள்.

வீடு வாங்கவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு ஒரு பூட்டைப் பார்த்துத்தான் வந்தது. பிரீத்திகா சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருசம், மகளைப் பார்க்க விடுதிக்குப் போயிருந்தார். பேசிக்கொண்டிருந்தபோதே பொழுது சாய்ந்துவிட்டது. வார்டன் அம்மா வந்து, மாடிப்படி முகப்பில் இருந்த இழுப்புக் கதவை இழுத்துச் சாத்தி வெளிப்பக்கம் பூட்டுப் போட்டார். சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. மாடியில் அறுபது பிள்ளைகள்.

முனியராஜ் ஊர் திரும்பி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி மாரிசெல்வி காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அறுவது பேரு, மாரி. ஒரே வழி. அதையும் வெளிய பூட்டுறாக."

"பொம்பளப் பிள்ளைக விடுதின்னா பூட்டத்தான் செய்வாக. பூட்டலன்னாத்தான நம்ம பயப்படணும்?"

அது எல்லோருக்கும் நியாயமாகப் படுகிற பேச்சு. ஆனால் இரண்டாம் வருசம் முனியராஜ் மகளை விடுதியிலிருந்து கூட்டிவந்து, தோழிகள் இரண்டு பேரோடு ஒரு மாடி அறையில் வாடகைக்கு வைத்தார். இப்போது அந்த வீட்டுக்காரருக்கும் அறை தேவைப்பட்டுவிட்டது. மே மாதத்தோடு காலி செய்யவேண்டும். இன்னும் மூன்று வருசப் படிப்பு பாக்கி.

கையில் பணம் இருந்ததும் ஒரு விசித்திரமான வழியில்தான். முனியராஜின் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் கரிசலில் வெள்ளாமை நின்று பத்து வருசம் ஆகிறது. பக்கத்தில் புதிதாகக் கட்டுகிற ஆலைக்காரர்கள் அதைக் கேட்டு வந்தார்கள். எதற்கு என்றால், சும்மா போட்டுவைப்பதற்கு. மருந்து இருக்கிற கட்டடத்தைச் சுற்றி இவ்வளவு தூரம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று சட்டம். வானம் பார்த்துப் பருத்தி போட்டபோது வட்டிக்குக்கூடக் காணாத நிலம், காலியாகக் கிடப்பதற்கு நல்ல விலை போயிற்று. இதை முனியராஜ் பலநாள் யோசித்திருக்கிறார். ஒரு இடம் எதற்கு உதவுகிறது என்பது அதில் என்ன வைக்கிறோம் என்பதில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

ஏழாவது வீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்த அன்று மாரிசெல்வி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"வாற ஞாயித்துக்கிழமையோட இந்தக் கூத்து முடிஞ்சுரணும். ஆகாசத்துல தொங்குத வீட்டுக்கு வாசல் எத்தனை இருந்தா என்ன? அன்னைக்கும் அமையலன்னா பிள்ளை விடுதிக்கே போகட்டும். துட்டு பேங்குல கெடக்கட்டும். கல்யாணத்துக்கு ஆகும்."

"பூட்டுற விடுதிக்கா?"

"ஊர் உலகத்துப் பிள்ளைகள்லாம் பூட்டுக்குள்ளதான் படிக்குதுக. நீங்க ஒரு ஆளுதான் கதவை எண்ணிட்டு அலையிறீக."

இந்த வார்த்தை முனியராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை.

கடைசி ஞாயிறு. காலை பத்து மணிக்கு சுகிர்தா அவர்களைக் கூட்டிப்போனது நாற்பது வருசத்துக்கு முந்திய வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒன்றுக்கு. லிப்ட் கிடையாது. சுவரெல்லாம் மழைநீர் வழிந்த கறை. மூன்றாவது மாடி. விலை, மற்ற ஏழு வீட்டையும்விடக் கால் பங்கு குறைவு.

"இது எதுக்கு குறைச்சலா தாறாக?" என்று முனியராஜ் படியேறும்போதே கேட்டார்.

"வீடு பழசுங்க சார். அப்புறம்... ஓனரே சொல்லுவாருங்க."

வீட்டுக்காரர் கனகசபாபதி, நூற்பாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மெலிந்த தேகம், சவரம் செய்த முகம். மனைவி இறந்தபின் மகனோடு திருப்பூரில் இருக்கிறார். வீட்டைக் காட்டுவதற்காக வந்திருந்தார். முனியராஜ் சுவரில் கைவைத்து எடுத்ததை அவர் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. இந்த வீட்டைத் தொட்டுக் கும்பிட ஒருவன் வந்தானே என்று சந்தோசப்பட்டார் போலிருந்தது.

ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுக்களை. முனியராஜ் நேராக அடுக்களைக்குப் போனார். சுவர். திரும்பி வந்தார். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பத்திர நகல்களைப் புரட்டிக்கொண்டிருந்த மகள், அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"வேண்டாமா?"

"ஒரு கதவுதான் இருக்கு பிரீத்தி."

"அப்பா, எட்டாவது வீடு இது. நான் இங்கன படிக்கத்தான் போறேன். மருந்து கலக்கப் போறதில்ல. கேஸ் அடுப்பைக்கூட ஒழுங்காப் பத்தவைக்கத் தெரியாது எனக்கு."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். பிரீத்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தோடு காகிதங்களை மடியில் தட்டினாள். மகள் சட்டம் படிப்பதால் வில்லங்கம் பார்க்கிற வேலையை அவளிடமே விட்டிருந்தார் முனியராஜ். முப்பது வருசத்து வில்லங்கத்தையும் அவள் விரல் வைத்து வாசிப்பாள். அவர் பக்கத்தில் நின்று, ஒன்றும் புரியாவிட்டாலும், பெருமையாகக் கேட்பார். இன்று அவள் வாசிக்கவில்லை. கடைசித் தாளை விரித்து, அதன் கோடுகளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அது வாரியம் முதன்முதலில் வீட்டை ஒதுக்கியபோது கொடுத்த வரைபடம்.

வேண்டுமானால் அதை மடித்து வைத்துவிட்டு, சரி விடுதிக்கே போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று ஞாயிறாக அப்பாவின் கதவுகளோடு அலைந்து அவளுக்குச் சலித்துத்தான் போயிருந்தது. ஆனால் தாளில் இருப்பதை இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது.

"அடுக்களைச் சுவத்தைத் தட்டிப் பாருங்க" என்றாள். "ஜன்னலுக்கு இடதுபக்கம்."

முனியராஜ் போய் விரல் மடக்கித் தட்டினார். இரண்டு அடி தள்ளித் தட்டினார். மறுபடி முதல் இடத்தில் தட்டினார். சத்தம் வேறாக இருந்தது. குனிந்து பார்த்தால், தரையோரமாக நிலைக்காலின் மரம் அரை விரற்கடை வெளியே தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து முன்வாசல் கயிறு பிடித்த மாதிரி நேராகத் தெரிந்தது.

கனகசபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"மறைக்கணும்னு இல்லைங்க. கேட்டா சொல்லிருப்பேன். முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேரா இருந்தா வர்ற லட்சுமி நிக்காம போயிருவான்னு ஒருத்தர் சொன்னாருங்க. பையனோட யாவாரம் அப்பத்தான் படுத்துச்சு. பொறவு சம்சாரத்துக்கும் முடியாம போச்சு. செங்கல் வெச்சு அடைச்சுப்போட்டேன்."

"அடைச்ச பொறவு சரியாச்சாங்க?" என்று சுகிர்தா கேட்டார்.

"எங்கீங்க... போறது முன்வாசல் வழியாவே போச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். கனகசபாபதியும் சிரித்தார். அடைத்த பிறகும் பழைய கதை அக்கம்பக்கத்துக்குத் தெரியும் என்பதால் இரண்டு வருசமாக வீடு விலைபோகவில்லை என்றார். எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன குறையைத்தான் முனியராஜ் எட்டு வீடு ஏறி இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்.

"அய்யா, இதை உடைச்சுத் திறந்து குடுப்பீகளா?"

கனகசபாபதி தயங்கினார். "உடைச்சதுக்கப்புறம் நீங்க வேண்டாம்னுட்டா? சுவத்துல ஓட்டையோட, பழைய தோசத்தோட, நான் யாருக்குங்க விக்கறது?"

முனியராஜ் சட்டைப்பையில் வைத்திருந்த முன்பணக் கவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மகளையும் கேட்கவில்லை, ஊரில் இருக்கிற மனைவியையும் கேட்கவில்லை. கனகசபாபதி கவரைப் பிரிக்காமலே கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தக் கதவு மேல அப்படி என்னங்க உங்களுக்கு?"

இருபத்து மூன்று வருசமாக இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆலையில் கேட்க அவசியமில்லை. வீட்டில் அவர் பேச இடம் கொடுத்ததில்லை. மகளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே இருந்த வழவழப்பான தழும்புதான். அடுப்பில் சுட்டது என்று சின்ன வயதில் சொல்லியிருந்தார்.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சொன்னார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. தீபாவளி சீசன். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூம். ஆர்டர் நெருக்கியது, வெளியே தூற்றல் போட்டது. காலி அட்டைகள் நனைந்துவிடுமே என்று, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து பின்கதவை மறித்து உள்ளே அடுக்கினார். அப்போதிருந்த போர்மேன் அன்று லோடு ஏற்றுகிற இடத்தில் நின்றுவிட்டார். தரைக்குத் தண்ணீர் தெளிக்க வந்த கருப்பம்மாள்தான் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஏச்சென்றால் ஏச்சு, காதில் வாங்க முடியாத ஏச்சு. ஏசிக்கொண்டே அத்தனை கட்டையும் தன் கையாலேயே இழுத்து வெளியே மழையில் எறிந்தார். "சம்பளத்துல பிடிப்பாகளே அத்தை" என்று முனியராஜ் கத்தினார். "உசுரு இருந்தாத்தாம்லே சம்பளம்" என்றார் கருப்பம்மாள்.

"அப்புறம் ஒரு அரை மணி நேரம் இருக்கும். முன்கதவுப் பக்கந்தான் பிடிச்சுது. எப்படிப் பிடிச்சுதுன்னு இன்னைக்கும் தெரியாது. நாங்க நாலு பேரும் பின்பக்கமா விழுந்து எந்திரிச்சு ஓடினோம். நான் கடைசி. திரும்பிப் பார்த்தா மேக்கூரை இல்ல."

பிரீத்திகா காகிதங்களை ஒதுக்கிவிட்டு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாலு பேருக்கும் ஒண்ணும் ஆகல்லியா?" என்று கேட்டாள்.

"ஆகல. எனக்குத்தான் கையில கொஞ்சம்."

"அந்த அத்தைகிட்ட என்ன சொன்னீக?"

"என்னத்தச் சொல்ல. மறுநாள் போயி நின்னேன். வாய் வரல. அவுக மறுபடி ஏசினாக. வந்துட்டேன்."

கனகசபாபதி எழுந்து போய், தெருமுனையில் இருந்த கொத்தனாரைக் கூட்டிவந்தார். ஒற்றைச் செங்கல் அடைப்பு. கடப்பாரை நாலு போடு போட்டதும் முதல் கல் நெகிழ்ந்தது. உள்ளே இருந்த நிலை தேக்கு, சிதையாமல் இருந்தது. கதவுப் பலகை பரணில் கோணிக்குள் சுற்றிவைத்த மாதிரியே கிடந்தது. "விக்க மனசு வரலைங்க" என்றார் கனகசபாபதி.

செங்கல் பாதி இறங்கியபோதுதான் முனியராஜ் தன் தவறை உணர்ந்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் வரவில்லை. வந்தது ஒரு கிரைண்டர். பின்னால், கீழிறங்கும் பின்படிக்குப் போகிற பொது நடையில், சரியாக அந்தக் கதவுக்கு நேரே, ஆள் இடுப்புயரத்துக்குப் பெரிய மாவு கிரைண்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக அரிசி டிரம்கள். ரூமைச் சுற்றிவந்து இரண்டு பக்கமும் பார்க்காமல் ஒருநாளும் ஆளை உள்ளே விடாத போர்மேன், தன் வீட்டுக்கு ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டார்.

கிரைண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்முகம் எட்டிப் பார்த்தது.

"யாருய்யா அது, செவுத்த இடிக்கிறது? மாவுல செங்கப்பொடி விழுதுல்ல!"

பக்கத்து வீட்டு அழகுமீனா. இட்லி மாவு அரைத்து அந்தக் குடியிருப்பு முழுக்க விற்கிறவர். கனகசபாபதி விசயத்தைச் சொன்னதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"மூணு வருசமா இது என் கிரைண்டர் நிக்கிற எடம். பிளக்கு இங்கதான் இருக்கு, தண்ணிக் குழா இங்கதான் இருக்கு. செவுத்துக்கு முன்னாடிதான வச்சேன்? கதவுக்கு முன்னாடியா வச்சேன்?"

அதில் தப்பே இல்லை. சட்டப்படி பொது நடையில் யாரும் எதுவும் வைக்கக்கூடாது என்று பிரீத்திகாவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். முனியராஜ் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். கதவைச் சட்டம் திறந்துவிடும். ஆனால் இங்கே மகள் தனியாக இருக்கப்போகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் தினமும் வெறும் இடமாக இருக்கவேண்டும் என்றால், அதற்குச் சட்டம் வந்து காவல் நிற்காது. அந்தப் பக்கத்தில் இருக்கிற மனுசி மனசு வைக்கவேண்டும். கதவை மட்டும் தேடிக்கொண்டிருந்த ஆளுக்கு இது அப்போதுதான் உறைத்தது.

அவர் முன்வாசல் வழியாக வெளியேறி, படியைச் சுற்றிக்கொண்டு பின்நடைக்குப் போனார்.

"தாயி, கிரைண்டரை ஆறு அடி தள்ளி வச்சா ஒங்களுக்குத் தோதுப்படுமா? வயரும் குழாயும் நான் இழுத்துத் தாரேன். நீங்க ஒரு சல்லி குடுக்கவேண்டாம்."

"தோதுப்படலன்னா?"

"தோதுப்படலன்னா நான் இந்த வீட்டை வாங்கி என்ன செய்ய?"

அழகுமீனா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உடைந்த சுவர் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். கண் சிவந்து நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பாதான் தங்கப் போகுதா?"

"ஆமா. ஒத்தையிலதான்."

"ஊரு எது?"

"ஏழாயிரம்பண்ணைப் பக்கம்."

"நமக்குக் காரியாபட்டி." அவர் குரலில் கொஞ்சம் தணிவு வந்தது. "பட்டாசு வேலையா? அதான பார்த்தேன். எங்க சின்ன மாமனாரும் அந்த வேலைதான். கல்யாண மண்டபத்துக்குப் போனாக்கூட மொதல்ல கொல்லை வாசல் எங்கன்னுதான் கேப்பாரு. இப்ப இல்ல அவரு." சற்று நிறுத்தி, "வாங்க, ஒரு கை பிடிங்க. டிரம்ம மொதல்ல நகட்டுவோம்" என்றார்.

கிரைண்டரைத் தள்ள நாலு பேர் தேவைப்பட்டார்கள். கனகசபாபதியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். அது நகர்ந்ததும் பின்படியின் வெளிச்சம் அடுக்களை வழியாக வந்து, கூடத்தைத் தாண்டி, முன்வாசல் வரைக்கும் விழுந்தது.

வைகாசியில் கிரயம் முடிந்து பால் காய்ச்சினார்கள். ஊரிலிருந்து ஒரு வேன். மாரிசெல்வியும் சொந்தக்காரர் சிலரும் வந்தார்கள். முன் இருக்கையில் கருப்பம்மாள். அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலியால் ஆலைக்குப் போவதை நிறுத்தி நாலு வருசம். "எனக்கு எதுக்குலே கோயமுத்தூரு? அம்புட்டுத் தூரம் எவன் உக்காந்து வருவான்?" என்று முரண்டு பிடித்தவரை பிரீத்திகாதான் நேரில் போய்க் கூட்டிவந்தாள். மூன்று மாடியை அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு ஒரு முறை உட்கார்ந்து ஏறினார்.

மாரிசெல்வி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாஞ் சரி. இதுல நம்ம மண்ணு எது?" என்று கேட்டாள். எல்லோருக்கும் பொதுவாகக் கீழே இருக்கிறது, அதில் நமக்கு ஒரு பாகம் உண்டு, ஆனால் இதுதான் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது என்றாள் மகள். "நல்ல கதைதான்" என்று சொல்லிவிட்டு மாரிசெல்வி பால் பாத்திரத்துக்குக் குங்குமம் வைத்தாள். சலிப்பான பேச்சுதான், ஆனால் பின்கதவில் மஞ்சள் தடவி மாவிலை கட்டியது அவள்தான், யாரும் சொல்லாமலே.

பால் பொங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது.

"வழியில மூட்டைய வச்சவன் எவம்லே?"

எல்லோரும் திரும்பினார்கள். கருப்பம்மாள் அடுக்களையில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றார். பின்கதவை மறித்துக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டை கிடந்தது. மூன்று மாடி சுமந்து வந்த இடுப்பு வலியில், கண்ணில் பட்ட இடத்தில் யாரோ இறக்கிப் போட்டிருந்தார்கள்.

"எவம்லேன்னு கேக்கேன்?"

"நாந்தான் அத்தை" என்றார் முனியராஜ்.

"நீயெல்லாம் ஒரு போர்மேனு. எடுலே முதல்ல!"

பிரீத்திகா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆலையில் எண்பது பேரை வேலை வாங்குகிற அப்பா, சின்னப் பையன் மாதிரி ஓடிப்போய் மூட்டையைத் தூக்கினார். அதைச் சுவரோரம் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். இருபத்து மூன்று வருசமாக வராத வாய் அப்போதுதான் வந்தது.

"அத்தை, அன்னைக்கு நீங்க அந்த அட்டைக்கட்டை இழுத்துப் போடலன்னா நானும் இல்ல, இந்தப் பிள்ளையும் இல்ல, இந்த வீடும் இல்ல."

கருப்பம்மாள் கண்ணைச் சுருக்கினார். "எந்த அட்டைக்கட்டு?"

"அதான் அத்தை. பூச்சட்டி ரூம்பு போச்சுதே, அன்னைக்கு. தூத்தல் போட்டுச்சுல்ல. கதவை மறிச்சு நான் அடுக்கினத நீங்கதான எடுத்தீக?"

அவர் வெகுநேரம் யோசித்துப் பார்த்தார். பொய்யாக ஞாபகம் வந்துவிட்ட மாதிரி காட்டிக்கொள்ள அவருக்குத் தெரியாது.

"ரூம்பு போனது நெனவிருக்கு. நான் எடுத்தனாக்கும்? இருக்கும். தெனமும் எவனாவது ஒருத்தன் கதவுல எதையாவது வைப்பான். நான் எடுத்துப் போட்டு ஏசிட்டுப் போவேன். அதுல ஒன்ன எங்கன நெனச்சு வைக்க?"

என்றைக்கோ ஒரே ஒரு தடவை நடந்த பெரிய காரியம் என்று முனியராஜ் அதை நெஞ்சில் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார். கருப்பம்மாளுக்கு அது தண்ணீர் தெளிப்பது மாதிரி தினவேலை. அப்படியானால் ஒன்றுமே நடக்காமல் போன மற்ற நாட்களில் எத்தனை கதவுகள் இந்தக் கையால் திறந்து கிடந்தனவோ. அந்த நாட்களுக்கு நன்றி சொல்ல யாருமே இல்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. யாரையும் லேசில் பெரிய ஆள் என்று ஒப்புக்கொள்ளாத முனியராஜ், குனிந்து கருப்பம்மாளின் வலிக்கிற காலைத் தொட்டார்.

"ஏலே, கால விடு. கூச்சமா இருக்கு" என்று அவர் காலை இழுத்துக்கொண்டார். பிறகு வீட்டுக்குள் இருந்தவர்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணினார்.

"பதினோரு பேரு. ரூம்புக்கு நாலு பேருதாம்லே. மத்தவுகள்லாம் வெளிய போங்க."

சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு டம்ளர் பாலோடு எல்லோரும் பின்கதவு வழியாக நடைக்கு இறங்கினார்கள். கதவு, தள்ளியதும் வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டது. அந்தப் பக்கம் ஆறு அடி தள்ளி கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அழகுமீனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பாப்பாவுக்குத் தெனமும் ஒரு கரண்டி மாவு, காசு வேண்டாம்" என்று மாரிசெல்வியிடம் சொன்னார். கதவுக்கு நேரே, பெருக்கித் துடைத்த வெறும் தரை. கருப்பம்மாள் அங்கே காலை நீட்டி உட்காரப் போனவர், என்ன நினைத்தாரோ, கொஞ்சம் ஒதுங்கிச் சுவரோரமாக உட்கார்ந்தார்.